'தெரியலை' என்று சொல்லத் தெரிந்த டிரேஸ்ரூட் வேண்டும்

"எங்க சைடுல எல்லாம் ஓகேதான் சார். மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க."

இந்த வசனத்தைக் கேட்காமல் இந்தக் காலத்தில் யாரும் இன்ஜினியரிங் முடித்துவிட முடியாது. பிளேஸ்மென்ட்டுக்கான ஆன்லைன் கோடிங் டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும். பாதியில் திரை உறைந்து நிற்கும். ஐஎஸ்பி-யைக் கேட்டால் மேலே சொன்ன பதில். காலேஜ் நெட்வொர்க் அட்மினைக் கேட்டால், "நம்ம லைன் நல்லாத்தான் இருக்கு, அவங்க சர்வர்தான் ஸ்லோ" என்பார். டெஸ்ட் நடத்துபவர்களுக்கு மெயில் போட்டால், "உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று பதில் வரும். மூன்று பேரும் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. அவரவர் கண்ணுக்குத் தெரிகிற துண்டு நிஜமாகவே சரியாக இருக்கலாம். நடுவில் இருக்கிற பாதைதான் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. நஷ்டம் மட்டும் டெஸ்ட் எழுதினவருக்கு.

இங்கே நான் சொல்ல வருவது நெட் ஸ்லோ என்பதைப் பற்றி அல்ல. "பழுது எங்கே?" என்று கேட்பதற்கு நம்ம கையில் இருக்கும் கருவிகளைப் பற்றி. பிங், டிரேஸ்ரூட் இரண்டையும் நெட்வொர்க்ஸ் லேபில் எல்லாரும் ஓட்டியிருப்போம், ரெக்கார்டில் அவுட்புட்டும் எழுதியிருப்போம். ஆனால் அந்த அவுட்புட் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. என் கட்சி இதுதான்: இந்தக் கருவிகளுக்கு முதலில் தேவை இன்னும் நிறைய நம்பர்கள் அல்ல, நேர்மை. தனக்குத் தெரியாததைத் 'தெரியலை' என்று சொல்லும் கருவி வேண்டும்.

ஒரு ஸ்டேஜ் டிக்கெட்டும் ஒரு போஸ்ட் கார்டும்

பிங் கருவியை 1983 டிசம்பரில் எழுதியவர் மைக் மியூஸ். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் சத்தத்தை வைத்துத்தான் அந்தப் பெயர். பிங் சொல்வது ஒன்றே ஒன்று: எதிர்முனை பதில் தந்ததா, எத்தனை மில்லிசெகண்டில் தந்தது. நடுவழியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அந்த நடுவழியைப் பார்க்க 1987-88 வாக்கில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன் எழுதியதுதான் டிரேஸ்ரூட். யோசனை ஸ்டீவ் டியரிங்குடையது. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்புகூட வரும்.

ஒவ்வொரு ஐபி பாக்கெட்டின் தலைப்பகுதியிலும் டிடிஎல் என்று 8 பிட் எண் ஒன்று இருக்கிறது. வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யம் ஆனால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, "டைம் எக்ஸீடட்" என்று ஒரு ஐசிஎம்பி செய்தியை அனுப்பினவருக்குத் திருப்பி அனுப்பும். ரவுட்டிங்கில் தப்பு நேர்ந்து பாக்கெட் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. பாதையைக் கண்டுபிடிப்பதற்காக வைத்தது அல்ல.

டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டேஜுக்கு மட்டும் டிக்கெட் எடுத்து ஒருவரை ஏற்றிவிடுகிறோம். முதல் ஸ்டேஜில் கண்டக்டர் இறக்கிவிடுவார். இறங்கின இடத்திலிருந்து நமக்கு ஒரு போஸ்ட் கார்டு வரும்: "இன்ன ஸ்டாப்பில் இறக்கிவிட்டார்கள்." அடுத்தவருக்கு இரண்டு ஸ்டேஜ் டிக்கெட், அதற்கடுத்தவருக்கு மூன்று. வந்த கார்டுகளை வரிசையாக அடுக்கினால் பஸ் போகிற ரூட் தெரிந்துவிடும். டிடிஎல்-ஐ 1, 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போகும் டிரேஸ்ரூட்டும் இவ்வளவுதான்.

அதாவது, நாம் 'கருவி' என்று நம்பிக்கொண்டிருப்பது ஒரு சாமர்த்தியமான குறுக்கு வழி. இன்டர்நெட்டில் "இந்தப் பாதையைக் காட்டு" என்று கேட்பதற்கு முறையான வசதி எதுவும் இல்லை. கிடைக்கிற எர்ரர் மெசேஜ்களைப் பொறுக்கி ஒரு படம் வரைகிறோம். படம் பல நேரம் உபயோகமானதுதான். ஆனால் அதில் நாலு ஓட்டைகள் இருக்கின்றன.

ஓட்டை ஒன்று: திரும்பி வந்த வழி தெரியாது

டிரேஸ்ரூட் காட்டும் நேரம், பஸ் போன நேரம் மட்டுமல்ல. போஸ்ட் கார்டு திரும்பி வந்த நேரமும் அதில் சேர்ந்திருக்கிறது. போஸ்ட் கார்டு பஸ் போன ரோட்டிலேயே திரும்பி வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

இன்டர்நெட்டில் போகும் வழியும் வரும் வழியும் வேறாக இருப்பது சகஜம். ஒவ்வொரு நெட்வொர்க்கும் தன் செலவைக் குறைக்க, அடுத்தவருக்குப் போக வேண்டிய பாக்கெட்டைத் தனக்குப் பக்கத்தில் இருக்கும் சந்திப்பிலேயே தள்ளிவிடப் பார்க்கும். 'ஹாட் பொட்டேட்டோ ரவுட்டிங்' என்று அதற்கே பெயர் இருக்கிறது. நம்ம ஐஎஸ்பி நமக்குப் பக்கத்தில் தள்ளும். எதிர்முனை நெட்வொர்க் அதற்குப் பக்கத்தில் தள்ளும். ஆகவே போவது ஒரு கேபிள், வருவது இன்னொரு கேபிள்.

7-வது ஹாப்பில் நேரம் திடீரென்று 40 மில்லிசெகண்டிலிருந்து 180-க்குத் தாவுகிறது என்று வைத்துக்கொள்வோம். "6-க்கும் 7-க்கும் நடுவுலதான் பிரச்சினை" என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் 7-வது ரவுட்டரிலிருந்து திரும்பி வருகிற வழி வேறாக இருந்து, நெரிசல் அந்த வழியில் இருந்தால்? போகிற பாதை முழுக்கச் சுத்தம். பழுது இருப்பது நம்ம திரையில் தெரியவே தெரியாத ஒரு லிங்க்கில். இரண்டு நிலைமைக்கும் டிரேஸ்ரூட் ஒரே படத்தைத்தான் காட்டும்.

ஓட்டை இரண்டு: பதில் வராவிட்டால் பழுது என்று அர்த்தமில்லை

நட்சத்திரக் குறி மூன்று வந்தால் பலருக்குப் பகீர் என்கிறது. தேவையில்லை. ரவுட்டருக்கு இரண்டு வேலை. பாக்கெட்டை அடுத்த இடத்துக்குத் தள்ளுவது ஒன்று. அதற்கென்றே செய்த சிப் அதை அசுர வேகத்தில் செய்கிறது. ஐசிஎம்பி பதில் தயாரிப்பது இன்னொன்று. அது பெரும்பாலும் சாதாரண சிபியு-வின் தலையில் விழுகிறது. டோல்கேட்டில் ஃபாஸ்டேக் லேனில் வண்டிகள் சர்ரென்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் ஆபீஸ் ரூம் கதவைத் தட்டி வழி கேட்டால், உள்ளே இருப்பவர் கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுத்தான் வருவார். சில இடங்களில் கதவே திறக்காது. அதை வைத்து "டோல்கேட்டில் டிராஃபிக் ஜாம்" என்று முடிவுகட்டினால் எப்படி?

பிங்கையும் டிரேஸ்ரூட்டையும் சேர்த்து 1997-இல் மாட் கிம்பல் எழுதிய எம்டிஆர் கருவி ஒவ்வொரு ஹாப்புக்கும் லாஸ் சதவீதம் காட்டும். நல்ல கருவி. ஆனால் 5-வது ஹாப்பில் 40% லாஸ், 6 முதல் 10 வரை 0% என்று வந்தால், அந்த 40-க்கு மதிப்பே கிடையாது. 5-வது ரவுட்டர் நிஜமாகவே பாக்கெட்டைத் தொலைக்கிறது என்றால், அதைத் தாண்டிப் போகிற எல்லாவற்றிலும் அந்த இழப்பு தெரிய வேண்டுமே! கடைசி ஹாப் வரை தொடரும் லாஸ்தான் கவலைப்பட வேண்டிய லாஸ். இந்த ஒரு விதி தெரியாமல் எத்தனை கம்ப்ளெயின்ட் டிக்கெட்டுகள் தப்பான டீமுக்குப் போயிருக்கும்!

ஓட்டை மூன்று: இல்லாத ரோட்டைப் போடும்

பெரிய நெட்வொர்க்குகளில் ஒரே இலக்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சமமான பாதைகள் உண்டு. எந்தப் பாக்கெட் எந்தப் பாதை என்பதை ரவுட்டர் பொதுவாக ஐந்து விஷயங்களை வைத்து முடிவு செய்யும்: இரண்டு பக்க ஐபி முகவரி, இரண்டு பக்க போர்ட் எண், புரோட்டோகால். இந்த ஐந்தும் மாறாத வரை ஒரு கனெக்‌ஷனின் பாக்கெட்டுகள் ஒரே பாதையில் போகும்.

பழைய டிரேஸ்ரூட் என்ன செய்கிறது? எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று அடையாளம் தெரிவதற்காக, 33434-இல் தொடங்கி ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் போர்ட் எண்ணை ஒன்று ஒன்றாகக் கூட்டுகிறது. ரவுட்டர் கண்ணுக்கு ஒவ்வொன்றும் புதுக் கனெக்‌ஷன்! மூன்றாவது பாக்கெட் மேல் ரோட்டில், நான்காவது கீழ் ரோட்டில். இரண்டு ரோட்டின் ஸ்டாப்புகளையும் ஒரே வரிசையில் எழுதி, நடுவில் இல்லாத ஒரு லிங்க்கைப் போட்டுக் காட்டுகிறது.

ஓட்டை நான்கு: சுரங்கப் பாதை

எம்பிஎல்எஸ் பயன்படுத்தும் நெட்வொர்க்குகள் விரும்பினால் உள்ளே இருக்கும் ஹாப்புகளை மொத்தமாக மறைத்துவிடலாம். சென்னையில் உள்ளே போன பாக்கெட் அடுத்த வரியிலேயே லண்டனில் எழுந்து நிற்பதுபோல் தெரியும். மறைக்காவிட்டாலும் ஒரு சிக்கல் உண்டு. சுரங்கத்துக்குள் இருக்கும் ரவுட்டருக்கு நம்மிடம் திரும்பி வர வழி தெரியாததால், தன் பதிலைச் சுரங்கத்தின் கடைசி வரை அனுப்பி, அங்கிருந்து திருப்பிவிடும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. விளைவு? சுரங்கத்தின் முதல் ரவுட்டருக்கும் கடைசி ரவுட்டருக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் காட்டும். பக்கத்து ஊரில் இருக்கும் ரவுட்டர் 200 மில்லிசெகண்ட் எடுப்பதாகத் தெரியும். பாவம், அதன்மேல் தப்பே இல்லை.

இத்தனை ஓட்டைக்கு நடுவிலும் ஏமாற்றாத கணக்கு ஒன்று உண்டு: ஒளியின் வேகம். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 1000 கிலோமீட்டர் போய்வர 10 மில்லிசெகண்ட். கோவையிலிருந்து சென்னைக்கு ரோடு வழியாகச் சுமார் 500 கிலோமீட்டர். போய்வரக் குறைந்தது 5 மில்லிசெகண்ட், கேபிள் வளைந்து நெளிந்து போவதைச் சேர்த்தால் பத்துப் பதினைந்து. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் இருக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அதில் போய்வரவே 32 மில்லிசெகண்ட். ஆகவே கோவையிலிருந்து சென்னை சர்வருக்கு, ஆளில்லாத ராத்திரி மூணு மணிக்கும் 70 மில்லிசெகண்டுக்குக் குறையவே இல்லை என்றால், பாக்கெட் வெளிநாட்டு டூர் போய்ட்டு வந்ததோ என்று சந்தேகப்படலாம். இரண்டு ஐஎஸ்பி-க்கு இடையில் உள்நாட்டிலேயே போக வேண்டிய டிராஃபிக் வெளிநாட்டைச் சுற்றி வரக் கூடாது என்பதற்காகத்தான் 2003-இல் நிக்ஸி என்ற தேசிய இணையச் சந்திப்பு அமைப்பே தொடங்கப்பட்டது. ஒரு எச்சரிக்கை: வைஃபையும் மொபைல் டவரும் தங்கள் பங்குக்கு நேரத்தைச் சேர்க்கும். முதல் ஹாப்பின் நேரத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

யாரும் சரிசெய்யப் பார்க்கவில்லையா?

பார்த்தார்கள். அந்த வரலாற்றில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

1993 ஜனவரியில் ஆர்எஃப்சி 1393 வந்தது. ஐபி பாக்கெட்டிலேயே டிரேஸ்ரூட்டுக்கென்று ஒரு ஆப்ஷன். ஒரே ஒரு பாக்கெட்டை அனுப்பினால் போதும். வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் தானாகத் தகவல் சொல்லும். அதைவிட முக்கியம், திரும்பி வரும் வழியையும் காட்டும்! முதல் ஓட்டைக்கு 1993-லேயே மருந்து எழுதியாயிற்று. ஆனால் வேலை செய்ய வேண்டுமென்றால் வழியில் இருக்கும் ரவுட்டர்கள் எல்லாம் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். யாரும் போடவில்லை. 2012-இல் ஆர்எஃப்சி 6814 அந்த ஆப்ஷனை அதிகாரபூர்வமாக ஓரங்கட்டியது.

2006-இல் பாரிஸ் டிரேஸ்ரூட் வந்தது. பாரிஸில் உள்ள ஆராய்ச்சியாளர்கள் மூன்றாவது ஓட்டையை எடுத்துக்கொண்டார்கள். போர்ட் எண்ணை மாற்றாமல், ரவுட்டர் பாதை பிரிக்கும்போது பார்க்காத வேறொரு இடத்தில், யூடிபி என்றால் செக்சம்மில், அடையாளத்தை வைத்தார்கள். எந்த ரவுட்டரையும் தொடவில்லை, யாரிடமும் பர்மிஷன் கேட்கவில்லை. பாக்கெட் கட்டும் விதத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான். இன்று பெரிய அளவீட்டு அமைப்புகளில் அந்த முறை புழக்கத்தில் இருக்கிறது.

2010-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் சேர்ந்து ரிவர்ஸ் டிரேஸ்ரூட் என்ற முறையை வெளியிட்டார்கள். ஐபி-யில் பழைய காலத்திலிருந்தே ரெக்கார்டு ரூட் என்று ஓர் ஆப்ஷன் உண்டு. 9 முகவரிக்கு மட்டும் இடம். இலக்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினால், போகும்போது சில இடம் நிரம்பும், மிச்ச இடத்தில் திரும்பி வரும் வழி பதிவாகும். அதைத் துண்டு துண்டாக ஒட்டி முழுப் பாதையைச் செய்கிறார்கள். அபாரமான வேலை. ஆனால் அதற்கு உலகம் முழுக்க உதவிக் கம்ப்யூட்டர்கள் வேண்டும்; நம்ம லேப்டாப்பில் தனியாக ஓட்டுகிற சமாச்சாரம் இல்லை.

அதே 2010-இல் ஐரோப்பாவின் ரைப் என்சிசி அமைப்பு ரைப் அட்லஸ் திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் தங்கள் வீட்டிலோ ஆபீஸிலோ ஒரு குட்டிப் பெட்டியைச் செருகி வைக்கிறார்கள். இன்று உலகம் முழுக்க 10,000-க்கு மேற்பட்ட புரோப்கள் பிங், டிரேஸ்ரூட் ஓட்டிக்கொண்டே இருக்கின்றன. நாம் ஒன்றை வைத்தால் கிரெடிட் சேரும். அந்தக் கிரெடிட்டைச் செலவழித்து ஊருலகத்தில் எங்கிருந்தும் நம்மை நோக்கி அளந்து பார்க்கலாம்.

பாடம் என்ன? நடுவில் இருக்கும் எல்லா ரவுட்டரையும் மாற்றச் சொன்ன யோசனை செத்துப்போனது. ஓரத்தில் இருப்பவர்கள் தங்கள் பக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டு செய்த யோசனைகள் பிழைத்தன. இனிச் செய்ய வேண்டியதும் ஓரத்தில்தான். ஓரத்தில் இருப்பது நாம்.

எனக்கு வேண்டிய நாலு விஷயம்

முதலாவது, நேர்மையான அவுட்புட். பதில் வராத ஹாப்புக்கு விண்டோஸில் வரும் 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்ற வாசகத்தைப் பாருங்கள். படிக்கிறவர் அங்கேதான் பழுது என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்? அதற்குப் பதிலாக, "இந்த ரவுட்டர் பதில் தரவில்லை. ஆனால் இதைத் தாண்டிப் போனவை எல்லாம் போய்ச் சேர்ந்தன. இங்கே பழுது இருப்பதற்கு அடையாளம் இல்லை" என்று போடலாம். இதை எழுத ஏஐ மாடல் எதுவும் வேண்டாம். நாலு இஃப்-எல்ஸ் போதும். அதேபோல, "7-வது ஹாப்பில் நேரம் கூடுகிறது, போகும் வழியா வரும் வழியா என்று இந்த முனையிலிருந்து சொல்ல முடியாது." இதைச் சொல்லும் கருவி, நம்மைத் தப்பான ஆளிடம் சண்டை போடவிடாமல் தடுக்கும்.

இரண்டாவது, இரண்டு முனையும் பேச வேண்டும். நம்மிடமிருந்து சர்வருக்கும், சர்வரிடமிருந்து நமக்கும் டிரேஸ்ரூட் இருந்தால் முதல் ஓட்டை கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். சர்வரே வேண்டுகோளை வாங்கிக்கொண்டு நம்மை நோக்கி டிரேஸ்ரூட் ஓட்டிப் பதில் தரும் முறைக்கு இணையத் தரநிலை அமைப்பான ஐஇடிஎஃப்-இல் வரைவு ஒன்று முன்வைக்கப்பட்டிருக்கிறது. பரீட்சை நடத்தும் தளங்கள், பாங்க்கிங் தளங்கள் இதைச் செய்து கொடுக்கட்டும். கேமராவை ஆன் பண்ணச் சொல்லி நம்ம கண் எங்கே பார்க்கிறது என்று அளக்கத் தெரிந்தவர்களுக்கு, நம்ம பாக்கெட் எங்கே விழுகிறது என்று அளப்பது பெரிய காரியமா?

மூன்றாவது, நிஜப் போக்குவரத்தைப் போலவே அளக்க வேண்டும். காலியான ரோட்டில் சைக்கிளில் போய்விட்டு "லாரிக்கும் பிரச்சினை இருக்காது" என்று சொல்கிற மாதிரி இருக்கிறது இப்போதைய நிலை. பிரவுசர் போவது 443 போர்ட்டில். அளப்பதும் அதிலேயே இருக்கட்டும். லைன் நிரம்பி வழியும்போதும் அளக்கட்டும். ரூம்மேட் படம் டவுன்லோட் போட்டவுடன் கேமில் பிங் 300-க்கு ஏறுவது எல்லாருக்கும் தெரியும். ரவுட்டரிலோ மோடத்திலோ பாக்கெட்டுகள் நீளமான வரிசையில் காத்திருப்பதால் வரும் அந்த நோய்க்கு பஃபர்புளோட் என்று பெயர். வெறும் லைனில் ஓட்டும் பிங்குக்கு அது தெரியவே தெரியாது. ஸ்பீட் டெஸ்ட்டும் பல நேரம் ஐஎஸ்பி-யின் சொந்த நெட்வொர்க்குக்குள் இருக்கும் சர்வரோடு பேசிவிட்டு "சூப்பர்" என்று சொல்லிவிடும். 2021-இல் ஆப்பிள் மேக்ஓஎஸ்-இல் சேர்த்த நெட்வொர்க் குவாலிட்டி கருவி, லைனை நிரப்பிவிட்டு, நிமிஷத்துக்கு எத்தனை முறை போய்வர முடிகிறது என்று ஒரே எண்ணில் சொல்கிறது. சரியான திசை.

நான்காவது, ஞாபகம். டாக்டர் பழைய ரிப்போர்ட்டைக் கேட்பார் இல்லையா? இப்போது 80 மில்லிசெகண்ட் என்றால் அது அதிகமா, வழக்கமா? நேற்று இதே நேரத்தில் எவ்வளவு, எந்த வழியில் என்று தெரியாமல் பதிலே கிடையாது. பழுது வந்த பிறகு கருவியைத் தேடுவது பிரயோஜனம் இல்லை. அந்தப் பதிவு நம்ம பக்கத்திலேயே இருக்க வேண்டும், நெட் போனாலும் திறக்க வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் தன் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் தானே துண்டித்துக்கொண்டு சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது. பழுது பார்க்க வைத்திருந்த உள் கருவிகள் பலவும் அதே நெட்வொர்க்கை, அதே டிஎன்எஸ்-ஐ நம்பியிருந்ததால் அவையும் சேர்ந்து படுத்துவிட்டன. கிணற்றில் விழுந்தவனைத் தூக்கும் கயிறு கிணற்றுக்குள்ளேயே இருந்தால் என்ன பண்றது?

மறுபக்கம் என்ன சொல்கிறார்கள்?

"உள் அமைப்பை வெளியில் காட்டினால் தாக்குதல் நடத்துபவனுக்கு மேப் கொடுத்த மாதிரி ஆகும்" என்பது நெட்வொர்க் நடத்துபவர்களின் வாதம். ஓரளவு நியாயம்தான். ஒவ்வொரு ரவுட்டரின் பெயரும் முகவரியும் நமக்கு வேண்டாம். "இந்தப் பாக்கெட் என் எல்லையைத் தாண்டும்வரை சரியாகப் போனது" என்று நம்பும்படி காட்டினால் போதும்.

"ஐசிஎம்பி-யை முழுசா திறந்துவிட்டால் வெள்ளமாக வரும்" என்பது அடுத்த வாதம். அளவு வைத்துக் கட்டுப்படுத்துங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் மொத்தமாக மூடுவதற்கு ஒரு விலை இருக்கிறது. "பாக்கெட் பெரிசா இருக்கு, சின்னதா அனுப்பு" என்று சொல்வதும் ஐசிஎம்பி-தான். அதையும் சேர்த்து மூடினால் சின்னப் பக்கம் திறக்கும், பெரிய ஃபைல் மட்டும் தொங்கும். காரணம் யாருக்கும் புரியாது.

"கஸ்டமருக்கு இதெல்லாம் புரியாது, தப்பாப் படிச்சிட்டு வந்து சண்டை போடுவாங்க" என்று மூன்றாவதாகச் சொல்வார்கள். இது நிஜமாகவே நடக்கிறது. ஆனால் இது என் கட்சிக்கான வாதம், எனக்கு எதிரானது அல்ல. படிக்கிறவரைத் தப்பாகப் படிக்க வைப்பது கருவியின் அவுட்புட். அதைத் திருத்தினால் கஸ்டமர் கேரில் இருப்பவருக்கும் நிம்மதி. அவரும் நம்மை மாதிரி ஒரு இன்ஜினியரிங் படித்தவராகத்தான் பெரும்பாலும் இருப்பார்.

சரி, நாம என்ன பண்ணலாம்?

ஃபைனல் இயர் பிராஜெக்ட் லிஸ்ட்டைப் பார்த்தால் வருஷா வருஷம் அதே ஃபேஸ் ரெகக்னிஷன் அட்டெண்டன்ஸ், அதே ஸ்மார்ட் டஸ்ட்பின். அதற்குப் பதில் இந்த மூன்றில் ஒன்றை எடுக்கலாம்.

ஒன்று, காலேஜில் ஒரு ரைப் அட்லஸ் புரோப். தனிப் பெட்டிகூட வேண்டாம். லினக்ஸ் மெஷினிலேயே ஓடும் சாஃப்ட்வேர் புரோப் இருக்கிறது. அட்மின் சாரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு வையுங்கள். கிரெடிட் சேரச் சேர, வெளியிலிருந்து காலேஜை நோக்கி வரும் பாதையைப் பார்க்கலாம்.

இரண்டு, எம்டிஆர் அவுட்புட்டை வாங்கி, மேலே சொன்ன விதிகளை வைத்து, சாதாரணத் தமிழில் விளக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். கடைசி ஹாப்பில் லாஸ் இல்லையென்றால் நடு ஹாப் லாஸை மங்கலாகக் காட்டு. நேரம் ஏறினால் ஒளியின் வேகக் கணக்கைச் சரிபார். தெரியாத இடத்தில் 'தெரியலை' என்று போடு. தமிழில் அவுட்புட் என்பது அலங்காரத்துக்கு அல்ல. கடை வைத்திருக்கும் அண்ணனும், வீட்டிலிருந்து டியூஷன் எடுக்கும் அக்காவும் கம்ப்ளெயின்ட் பண்ணும்போது கையில் வைத்துப் பேச ஒரு காகிதம் வேண்டும்.

மூன்று, ஹாஸ்டலில் ஒரு ராஸ்பெர்ரி பை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்வே, ஐஎஸ்பி-யின் முதல் ரவுட்டர், வெளியில் ஒரு சர்வர், மூன்றையும் பிங் பண்ணிப் பதிந்து வைக்கட்டும். வைஃபை பழுதா, காலேஜ் லைன் பழுதா, வெளியில் பழுதா என்ற முதல் கேள்விக்கு இதுவே பாதிப் பதில் சொல்லிவிடும்.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நம்ம டிரேஸ்ரூட்டில் இரண்டாவது மூன்றாவது வரியில் 100.64-இல் தொடங்கும் முகவரி வந்தால், ஐஎஸ்பி பல பேரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து நம்மை நோக்கி வரும் டிரேஸ்ரூட் அந்த வாசலிலேயே நின்றுவிடும். ஐபிவி6-இல் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. நம்ம மொபைல் நெட்வொர்க்குகளில் அது பரவலாகவே இருக்கிறது. இரண்டு வழியாகவும் ஓட்டிப் பாருங்கள். இரண்டும் இரண்டு வேறு பாதையில் போவதைக்கூடப் பார்க்கலாம்.

கம்ப்ளெயின்ட் கொடுக்கும்போது "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். தேதி, நேரம், வயரா வைஃபையா, எந்த சர்வர், கடைசி ஹாப்பில் எத்தனை சதவீதம் லாஸ், நல்ல நாளில் எவ்வளவு இருந்தது, முடிந்தால் எதிர்முனையிலிருந்து எடுத்த டிரேஸ்ரூட். இந்த ஏழும் இருந்தால் அடுத்த டீமுக்குத் தள்ளிவிடுவது அவ்வளவு சுலபம் இல்லை. அதில் ஒன்றே ஒன்றை மட்டும் பழுது வந்த பிறகு எடுக்க முடியாது: நல்ல நாளின் அளவு. இன்றைக்கு நெட் நன்றாக இருக்கிறதா? அப்போ இன்றைக்கே எடுத்து வையுங்கள்.